கணக்கு எங்கே உதைக்கிறது? பாய்வு வீத அலகு மாற்றத்தில் தப்பைப் பிடிக்கும் வழி

பம்பின் பெயர்ப்பலகையில் ஒரு எண், மீட்டரில் ஒரு எண், நீங்கள் போட்ட கணக்கில் இன்னொரு எண். மூன்றும் ஒரே குழாயைப் பற்றித்தான், ஆனால் ஒத்துவரவில்லை. இந்த நிலையில் பலரும் செய்வது கணக்கை முதல் வரியிலிருந்து திரும்பப் போடுவது. அதில் பயன் குறைவு. முதல் தடவை கண்ணில் படாத தப்பு இரண்டாம் தடவையும் பெரும்பாலும் படாது. அதற்குப் பதில், பெரிய எண்ணைச் சிறிய எண்ணால் வகுத்துப் பாருங்கள். எத்தனை மடங்கு தப்பியது என்பதே எங்கே தப்பியது என்பதையும் சொல்லிவிடும். மெட்ரிக் அலகுகளில் மாற்றுக் காரணிகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை: 60, 24, 1000, அப்புறம் இவற்றைப் பெருக்கியும் வகுத்தும் வருபவை. அதனால்தான் இந்த வழி வேலை செய்கிறது.

முதலில் நம்பகமான ஒரு எண்

மடங்கு பார்க்க வேண்டுமானால் ஒப்பிட ஓர் உண்மை அளவு வேண்டும். சிறிய குழாய் என்றால் அளவு தெரிந்த பக்கெட்டும் கைப்பேசியின் ஸ்டாப்வாட்சும் போதும். 20 லிட்டர் 48 நொடியில் நிரம்புகிறது என்று வைத்துக்கொள்வோம். 20 ÷ 48 = 0.4167, அதாவது நொடிக்கு 0.4167 லிட்டர். அதை 60ஆல் பெருக்கினால் நிமிடத்துக்கு 25 லிட்டர். 3.6ஆல் பெருக்கினால் மணிக்கு 1.5 கன மீட்டர். கீழே முடிந்த இடமெல்லாம் இதே ஓட்டத்தையே எடுத்துக்கொள்கிறேன். மூன்று எண்களும் பழகிவிட்டால் தப்பு தானாகக் கண்ணில் படும்.

பக்கெட்டில் 20 என்று எழுதியிருப்பது விளிம்பு வரைக்கா, உள்ளே போட்ட கோடு வரைக்கா என்று பார்த்துக்கொள்ளுங்கள். சந்தேகமாக இருந்தால் எடை போடுங்கள். காலி பக்கெட்டின் எடையைக் கழித்த பிறகு மிஞ்சும் கிலோகிராம்தான் கிட்டத்தட்ட லிட்டர், தண்ணீராக இருக்கும்வரை.

பெரிய குழாய்க்கு பக்கெட் ஆகாது. தொட்டியின் நீள அகலம் தெரிந்தால் நீர்மட்டம் ஏறுவதை வைத்துக் கணக்கிடலாம். 3 மீட்டருக்கு 2 மீட்டர் தொட்டியில் 10 நிமிடத்தில் 25 சென்டிமீட்டர் ஏறினால், 3 × 2 × 0.25 = 1.5 கன மீட்டர். 10 நிமிடத்துக்கு 1.5 என்றால் மணிக்கு 9 கன மீட்டர். அளக்கும்போது வெளியேறும் வால்வு மூடியிருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி ஒரே ஒரு சங்கிலி. இதைத் தாளில் எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்:

நொடிக்கு 1 லிட்டர் = நிமிடத்துக்கு 60 லிட்டர் = மணிக்கு 3.6 கன மீட்டர் = நாளுக்கு 86.4 கன மீட்டர்

பெரிய அட்டவணைகள் தேவையில்லை. கன மீட்டர் என்றால் 1000 லிட்டர் என்பதும் இந்த வரியும் இருந்தால் மற்ற எல்லா மாற்றத்தையும் கையாலேயே போட்டுவிடலாம்.

மடங்கு ஒவ்வொரு தடவையும் மாறுகிறது

முதல் சோதனை இதுதான், மற்ற எதையும் பார்ப்பதற்கு முன்னால் செய்ய வேண்டியது. வால்வைப் பாதி திறந்து ஒரு அளவு, முழுக்கத் திறந்து இன்னொரு அளவு எடுங்கள். இரண்டிலும் ஒரே மடங்குதான் தப்புகிறது என்றால் அது அலகுத் தப்பு, தொடர்ந்து படியுங்கள். பாதி திறப்பில் 1.2 மடங்கு, முழுத் திறப்பில் சரி என்று மாறினால் அது அலகு சமாசாரமே இல்லை. அலகு மாற்றம் என்பது ஒரு நிலையான எண்ணால் பெருக்குவது. அது ஓட்டத்துக்கு ஏற்ப மாறாது.

மாறும் மடங்குக்கு அடிக்கடி காரணமாக இருப்பது, மீட்டர் தன் அளவை மின்னோட்டமாகத் திரைக்கு அனுப்பும் 4 முதல் 20 மில்லியாம்பியர் சிக்னல். இந்த முறையில் 4 மில்லியாம்பியர் என்றால் ஓட்டமே இல்லை, 20 என்றால் முழு அளவு. வாங்கும் பக்கத்தில் அதை 0 முதல் 20 என்று அமைத்துவிட்டால், 12 மில்லியாம்பியர் வரும்போது உண்மையில் 50 சதவீதம், திரையில் 60 சதவீதம். முழு ஓட்டத்தில் இரண்டும் 100 என்று ஒத்துப்போகும். ஓட்டத்தை அடியோடு நிறுத்தினாலும் திரையில் 20 சதவீதம் ஓடிக்கொண்டே இருக்கும். வால்வை மூடியும் மீட்டர் பூஜ்யத்துக்கு வரவில்லை என்றால் அலகை விட்டுவிட்டு இங்கே பாருங்கள்.

60 மடங்கு, அல்லது 3600 மடங்கு

நேர அலகு. 60 என்றால் ஒரு படி விட்டுப்போயிருக்கிறது: நொடிக்கும் நிமிடத்துக்கும் நடுவில், அல்லது நிமிடத்துக்கும் மணிக்கும் நடுவில். சிறிய பம்புகளின் பெட்டியில் மணிக்கு 1500 லிட்டர் என்று அச்சிட்டிருப்பார்கள், நாம் நிமிடத்துக்கு என்று நினைத்துக்கொள்வோம். பெரிய எண்ணாகப் போட்டால் பார்க்க நன்றாக இருக்கும் என்பதால் மணிக் கணக்கில் போடுகிறார்களோ என்னவோ. 1500ஐ 60ஆல் வகுத்தால் நம் பழைய 25 லிட்டர்தான்.

3600 என்றால் இரண்டு வழி உண்டு. ஒன்று, நொடியிலிருந்து மணிக்குப் போகும்போது மாற்றவே இல்லை. இன்னொன்று, நிமிடத்திலிருந்து மணிக்குப் போகும்போது பெருக்க வேண்டிய இடத்தில் வகுத்துவிட்டீர்கள். 25ஐ 60ஆல் பெருக்கி 1500 என்று வர வேண்டிய இடத்தில் 60ஆல் வகுத்து 0.4167 என்று எழுதினால் வித்தியாசம் 60 × 60.

இப்போது அந்த 0.4167ஐ இன்னொரு தடவை பாருங்கள். அது வெறும் தப்பான எண் இல்லை, நொடிக்கு எத்தனை லிட்டர் என்பதற்கான சரியான எண். இது அடிக்கடி நடக்கும்: தப்பாக வந்த விடை வேறொரு அலகில் சரியான விடையாக இருக்கும். அதனால் எண்ணை அழிக்கும் முன் அதற்குப் பக்கத்தில் வேறு அலகுகளை வைத்துப் பாருங்கள். ஏதாவது ஒன்றில் கச்சிதமாகப் பொருந்தினால் கணக்கு சரி, பெயர்தான் தப்பு.

பெருக்குவதா வகுப்பதா என்று குழப்பம் வந்தால் சூத்திரம் தேடாதீர்கள். காத்திருக்கும் நேரம் நீண்டால் சேரும் தண்ணீர் கூடும். நிமிடத்திலிருந்து மணிக்குப் போனால் எண் பெரிதாக வேண்டும். நாளிலிருந்து நொடிக்கு வந்தால் எண் சுருங்க வேண்டும். கொள்ளளவுக்கு இது தலைகீழ்: அளக்கும் பாத்திரம் பெரிதானால் எண் சிறிதாகும்.

1000 மடங்கு

கொள்ளளவு அலகு. லிட்டரும் கன மீட்டரும், அல்லது மில்லிலிட்டரும் லிட்டரும் மாறிவிட்டன. 10 லட்சம் மடங்கு என்றால் 1000ஐத் தலைகீழாகப் போட்டிருக்கிறீர்கள், அல்லது கன மீட்டருக்கும் கன சென்டிமீட்டருக்கும் நடுவில் மாற்றவே இல்லை.

10,000 மடங்கு வந்தால் அது கன அலகின் வேலை. மீட்டருக்கு 100 சென்டிமீட்டர் என்பதால் கன மீட்டருக்கும் 100 கன சென்டிமீட்டர் என்று கை தானாக எழுதிவிடுகிறது. நீளம், அகலம், உயரம் மூன்றிலும் 100 வருவதால் அது 10,00,000. ஒரு தடவை மட்டும் 100ஐப் போட்டால் மீதி 10,000 காணாமல் போகும்.

1000 மடங்குக்கு இன்னொரு காரணம் கணக்கிலேயே இல்லை, அச்சில் இருக்கிறது. ஐரோப்பிய நாடுகள் பலவற்றில் தசமத்துக்குக் காற்புள்ளி போடுவார்கள், ஆயிரத்தைப் பிரிக்க ஜெர்மானிய வழக்கில் புள்ளி வைப்பார்கள். அங்கிருந்து வரும் கருவியில் மணிக்கு 1.500 லிட்டர் என்று இருந்தால் அது ஆயிரத்து ஐந்நூறாக இருக்கலாம். 1,5 என்றால் ஒன்றரை. கருவியின் பருமனைப் பார்த்தாலே எது என்று தெரிந்துவிடும்: கட்டைவிரல் தடிமனுள்ள குழாயில் மணிக்கு ஒன்றரை லிட்டர் ஓடும் பம்பை யாரும் செய்ய மாட்டார்கள்.

லிட்டரின் குறியீடும் இப்படிச் சதி செய்யும். ஆங்கிலச் சிறிய எழுத்து எல், பல எழுத்துருக்களில் ஒன்று என்ற இலக்கம் போலவே இருக்கும். எண்ணை ஒட்டி எழுதினால் 2 லிட்டர் 21 ஆகத் தெரியும். இந்தக் குழப்பத்துக்காகத்தான் 1979இல் எடைகள் அளவுகளுக்கான பொது மாநாடு பெரிய எழுத்து ‘எல்’ (L) என்பதையும் குறியீடாக ஏற்றுக்கொண்டது. எழுதும்போது பெரிய எழுத்தையே போடுங்கள், எண்ணுக்கும் அலகுக்கும் நடுவில் இடம் விடுங்கள். ஆனால் முன்னால் வரும் எம் சிறியதா பெரியதா என்பதில் கவனம் வேண்டும். சிறிய எம் மில்லி, பெரிய எம் மெகா. மில்லிலிட்டருக்கும் மெகாலிட்டருக்கும் இடையே 100 கோடி மடங்கு. எல்லாவற்றையும் பெரிய எழுத்தில் அச்சிடும் பழைய பிரிண்டர் தாள்களில் இரண்டும் ஒன்றாகிவிடும்.

3.6, 12.96, 16.67, 277.8

இந்த நான்கு எண்களில் ஒன்று வந்தால் கொண்டாடலாம், தப்பு கிட்டத்தட்ட கையில் கிடைத்துவிட்டது.

3.6 என்றால் நொடிக்கு லிட்டரையும் மணிக்கு கன மீட்டரையும் ஒன்றாக எடுத்துக்கொண்டீர்கள். இந்த ஜோடிதான் மற்றவற்றைவிட ஆபத்தானது, காரணம் வித்தியாசம் சிறியது. 1000 மடங்கு தப்பினால் யாருக்கும் தெரியும். மணிக்கு 36 கன மீட்டர் வேண்டிய இடத்தில் 10 என்று எழுதியிருந்தால் அது நம்பத்தக்க எண்ணாகவே இருக்கும், பம்பும் வாங்கிவிடுவார்கள். வெவ்வேறு ஆட்கள் தயாரித்த இரண்டு தாள்களை இணைக்கும் இடத்தில் எண்ணின் தலைப்பில் என்ன அலகு என்று ஒரு முறை சத்தமாகப் படித்துவிடுவது நல்லது.

12.96 என்பது 3.6 × 3.6. மாற்றினீர்கள், ஆனால் திசை தப்பு. நொடிக்கு 0.4167 லிட்டரை 3.6ஆல் வகுத்தால் 0.1157 வரும், வர வேண்டியது 1.5. இரண்டுக்கும் 12.96 மடங்கு. எந்த மடங்கும் தெரிந்த காரணியின் வர்க்கமாக இருந்தால் உடனே திசையைச் சந்தேகப்படுங்கள்.

16.67 என்பது நிமிடத்துக்கு லிட்டரும் மணிக்கு கன மீட்டரும் கலந்தது. 1000 ÷ 60 = 16.667. மில்லிலிட்டர் மணிக்கணக்கில், மைக்ரோலிட்டர் நிமிடக்கணக்கில் ஓடும் சிரிஞ்சு பம்புகளிலும் இதே 16.67 வரும், அங்கேயும் 1000மும் 60ம்தான் விளையாடுகின்றன.

277.8 கொஞ்சம் சுவாரசியமானது, மூன்று இடத்திலிருந்து வரலாம். 16.667ஐத் திசை மாற்றிப் போட்டால் அதன் வர்க்கம் 277.8. மணிக்கு கன மீட்டரை நொடிக்கு மில்லிலிட்டர் என்று எடுத்துக்கொண்டாலும் 277.8 தான், ஏனென்றால் 10 லட்சத்தை 3600ஆல் வகுத்தால் அதுவே வரும். மூன்றாவது, வால்வு கணக்கு. வால்வின் கேவி எண் என்பது 1 பார் அழுத்த இழப்பில் மணிக்கு எத்தனை கன மீட்டர் தண்ணீர் போகும் என்பது. அழுத்த இழப்பு, ஓட்டத்தைக் கேவியால் வகுத்து வர்க்கப்படுத்தினால் வருவது. கேவி 2 உள்ள வால்வில் மணிக்கு 1.5 கன மீட்டர் போனால் 0.75 × 0.75 = 0.5625 பார். 1.5க்குப் பதில் 25 என்று நிமிடக் கணக்கைப் போட்டால் 12.5 × 12.5 = 156.25 பார். அழுத்தத்தில் 277.8 மடங்கு தப்பு, ஆனால் ஓட்டத்தில் தப்பியது 16.67 தான். குழாயின் உராய்வு இழப்பிலும் ஓட்டம் ஏறக்குறைய இரண்டாம் படியில் வருகிறது. அதனால் அழுத்தம் அபத்தமாக வந்தால் மடங்குக்கு வர்க்கமூலம் எடுத்துப் பாருங்கள், பழகிய காரணி எட்டிப் பார்க்கும்.

24 மடங்கு, எக்செல் தாளில்

வெறும் நாள்-மணிக் குழப்பம் என்றால் சொல்ல அதிகமில்லை. ஆனால் விரிதாளில் வரும் 24க்கு வேறு கதை.

ஒரு செல்லில் 9 என்று கன மீட்டர், பக்கத்துச் செல்லில் 1:30 என்று நேரம். ஒன்றரை மணியில் 9 கன மீட்டர், ஆகவே மணிக்கு 6 என்று நமக்குத் தெரியும். தாளில் வகுத்தால் 144 வருகிறது. சில சமயம் அந்தச் செல்லும் நேர வடிவத்துக்கு மாறிக்கொண்டு அர்த்தமில்லாத கடிகார மணியைக் காட்டும். எக்செல் நேரத்தை நாளின் பின்னமாகத்தான் சேமிக்கிறது. 1:30 என்பது உள்ளே 0.0625. 9ஐ அதனால் வகுத்தால் 144, அது நாளுக்கு எத்தனை கன மீட்டர் என்பதற்குச் சரியான விடை. மணிக்கணக்கு வேண்டுமென்றால் நேரச் செல்லை 24ஆல் பெருக்கிவிட்டு வகுங்கள், நிமிடக்கணக்கு என்றால் 1440ஆல், நொடி என்றால் 86,400ஆல். விடைச் செல்லின் வடிவத்தை எண் என்று மாற்றுங்கள்.

இன்னொரு சிறிய பொறி: 48 நொடி என்பதை 0:48 என்று தட்டினால் எக்செல் அதை 48 நிமிடமாக எடுத்துக்கொள்ளும், 60 மடங்கு தப்பும். 0:00:48 என்று மூன்று பகுதியாகத் தட்ட வேண்டும். ஸ்டாப்வாட்ச் அளவுகளுக்கு நேர வடிவமே வேண்டாம், நொடிகளை வெறும் எண்ணாகத் தட்டுவதுதான் என் பழக்கம்.

1.5, 3 போன்ற மடங்கு

நாளுக்கு இவ்வளவு என்ற தேவையை மணிக்கு மாற்றும்போது 24ஆல் வகுத்தீர்கள், ஆனால் பம்ப் 24 மணி நேரமும் ஓடுவதில்லை. நாளுக்கு 10 லட்சம் லிட்டர், அதாவது 1 எம்எல்டி, மணிக்கு 41.67 கன மீட்டர் ஆகிறது. பம்ப் 16 மணி நேரம்தான் ஓடும் என்றால் மணிக்கு 62.5 வேண்டும். மடங்கு 1.5. எட்டு மணி நேரம் என்றால் 3. இரண்டு எண்களும் அலகு அளவில் சரி. ஒன்று சராசரி, மற்றது ஓடும்போதைய வீதம்.

15 சதவீதம் போல ஒரு தப்பு

1.15 மடங்கு வந்தால் முதலில் கையால் எழுதிய நேரத்தைப் பாருங்கள். ஒரு மணி முப்பது நிமிடத்தை 1.30 என்று எழுதி, அதையே கால்குலேட்டரில் தட்டியிருப்பார்கள். உண்மையில் அது 1.5. இரண்டுக்கும் 1.154 மடங்கு. 2 மணி 15 நிமிடத்தை 2.15 என்று தட்டினால் தப்பு 4.7 சதவீதம்தான், கண்டுபிடிப்பது இன்னும் கடினம். இந்த வகையில் மடங்கு நேரத்துக்கு நேரம் மாறும், மேலே சொன்ன நிலையான மடங்கு விதிக்கு இது விலக்கு. முழு மணிகளில் எடுத்த அளவுகள் மட்டும் சரியாகவும் மற்றவை கூடுதலாகவும் வந்தால் இதுதான்.

ஓடுவது எண்ணெய் என்றால் சந்தேகம் வேறு பக்கம் போக வேண்டும். லிட்டருக்கு 0.87 கிலோகிராம் அடர்த்தியுள்ள எண்ணெய், மணிக்கு 100 கிலோகிராம் ஓடினால் அது மணிக்கு 114.9 லிட்டர். அதுவும் 1.15 தான். மீட்டர் எடைவீதம் காட்டுகிறதா கொள்ளளவு வீதம் காட்டுகிறதா என்று பாருங்கள். கிலோகிராமை லிட்டர் ஆக்க அடர்த்தி இல்லாமல் முடியாது, அதை அலகு மாற்றம் என்றே சொல்லக்கூடாது.

ஓரிரண்டு சதவீதம் மட்டும் இடிக்கிறது

கணக்கைப் பாதியில் சுருக்கினீர்களா? 3.6ஆல் வகுப்பதற்குப் பதில் பெருக்கும் 0.2778ஐ 0.28 என்று எடுத்தால் 0.8 சதவீதம் கூடும். 60ஆல் வகுப்பதற்குப் பதில் 0.017ஆல் பெருக்கினால் 2 சதவீதம். அந்த நேரத்து ஓட்டத்துக்கு இது பெரிதில்லை, மாதக்கணக்கில் கூட்டினால் தொட்டிக் கணக்கு இடிக்கும். வகுத்து வரும் தசமத்தை எழுதி வைக்காமல் பின்னமாகவே வைத்திருந்து கடைசியில் ஒரே தடவை சுருக்குங்கள்.

வெந்நீர் என்றால் அடர்த்தி மறுபடியும் வரும். 20 பாகையில் ஒரு கன மீட்டர் தண்ணீர் 998.2 கிலோகிராம், 60 பாகையில் 983.2, 80 பாகையில் 971.8. வெப்பக் கணக்கு கிலோகிராமில் நடக்கும், மீட்டர் லிட்டரில் காட்டும். 80 பாகையில் மணிக்கு 1000 கிலோகிராம் என்பது 1029 லிட்டர்.

மிகப் பழைய அட்டவணையில் லிட்டர் 1.000028 கன டெசிமீட்டர் என்று பார்த்துத் திகைக்க வேண்டாம். 1901இலிருந்து லிட்டர் என்பது ஒரு கிலோகிராம் தண்ணீரின் கொள்ளளவாக வரையறுக்கப்பட்டிருந்தது, 1964இல்தான் அதைக் கைவிட்டு நேராக ஒரு கன டெசிமீட்டர் என்றாக்கினார்கள். பத்து லட்சத்தில் 28 பங்கு. உங்கள் தப்புக்கு அது காரணமாக இருக்கவே முடியாது.

புரோகிராம் பூஜ்யம் காட்டுகிறது, அல்லது மைனஸ் 5536

சென்சாரை ஆர்டுயினோ என்ற சிறிய நிரல் போர்டில் இணைத்து நீங்களே எழுதிய நிரல் என்றால் இது உங்களுக்கு.

பூஜ்யம் வந்தால் முழு எண் வகுத்தல். சி மொழியில் இரண்டு முழு எண்களை வகுத்தால் தசமப் பகுதி வெட்டப்படும். 60 / 1000 என்று அடைப்புக்குள் முதலில் வகுத்தால் பூஜ்யம், அப்புறம் எதைப் பெருக்கினாலும் பூஜ்யம். 25 * 60 / 1000 என்று எழுதினால் பூஜ்யம் வராது, ஆனால் 1.5க்குப் பதில் 1 வரும். அது இன்னும் மோசம், நம்பும்படி இருக்கிறதே. 60.0 / 1000.0 என்று புள்ளி வைத்து எழுதி, விடையைத் தசமம் தாங்கும் ஃப்ளோட் மாறியில் வைத்தால் இரண்டும் தீரும்.

மைனஸ் எண் வந்தால் இடம் போதவில்லை. ஆர்டுயினோ ஊனோ போன்ற போர்டுகளில் சாதாரண முழு எண் 16 பிட், அதில் 32,767 வரைதான் கொள்ளும். 60 * 1000 என்று எழுதினால் 60,000 வர வேண்டும், வருவது மைனஸ் 5536. ஏனென்றால் 60,000இலிருந்து 65,536ஐக் கழித்தால் அதுதான் மிச்சம். தண்ணீர் பின்னால் ஓடுகிறதோ என்று சென்சாரைத் திருப்பிப் போட வேண்டாம். இங்கேயும் 60.0 என்று எழுதினால் போதும்.

ஓட்டத்துக்கு ஏற்ப மின் துடிப்புகளை அனுப்பும் பல்ஸ் சென்சாரில் இன்னொரு தனித் தப்பு உண்டு. அரை அங்குலக் குழாய்க்கு வரும் மலிவான ஹால் சென்சார்களில் பரவலாகக் காணும் ஒரு வகைக்கு, நொடிக்கு வரும் பல்ஸ் = 7.5 × நிமிடத்துக்கு லிட்டர் என்று தாளில் கொடுத்திருப்பார்கள். அதாவது ஒரு லிட்டருக்கு 450 பல்ஸ். இரண்டும் ஒன்றேதான், 7.5 × 60 = 450. நம் 25 லிட்டர் ஓட்டத்துக்கு நொடிக்கு 187.5 பல்ஸ் வரும். அதை 7.5ஆல் வகுத்தால் நிமிடத்துக்கு 25. அதையே 450ஆல் வகுத்தால் 0.4167, அது நொடிக்கு லிட்டர். 450ஆல் வகுத்துவிட்டு நிமிடத்துக்கு என்று திரையில் எழுதினால் 60 மடங்கு குறையும். உங்கள் மாடலுக்கு எண் வேறாக இருக்கலாம், தாளைப் பாருங்கள். பல்ஸ் எண்ணும் இடைவெளி 2 நொடி என்றால் 2ஆல் வகுக்கவும் மறக்கக்கூடாது.

அலகு சரி, சூத்திரம் முரண்டு பிடிக்கிறது

பொறியியல் சூத்திரங்கள் பலவற்றில் அலகு உள்ளேயே புதைந்திருக்கும். தண்ணீர் பம்பின் கிலோவாட் கணக்குக்கு மணிக்கு கன மீட்டரை மீட்டர் உயரத்தால் பெருக்கி 367ஆல் வகுப்பார்கள். நொடிக்கு லிட்டர் என்றால் 102ஆல் வகுப்பார்கள். மணிக்கு 36 கன மீட்டர், 20 மீட்டர் உயரம்: 720 ÷ 367 = 1.96 கிலோவாட். நொடிக்கு 10 லிட்டர்: 200 ÷ 102 = 1.96. 36ஐ எடுத்து 102ஆல் வகுத்தால் 7.06, அந்தப் பழைய 3.6 மடங்கு. பம்பின் செயல்திறனுக்கு இன்னும் தனியாக வகுக்க வேண்டும். ஹைட்ராலிக் எண்ணெய்க்கு நிமிடத்துக்கு லிட்டரை பாரால் பெருக்கி 600ஆல் வகுப்பது வழக்கம்: 25 × 120 ÷ 600 = 5 கிலோவாட். யாராவது விளக்கமில்லாமல் ஒரு எண்ணால் வகுக்கச் சொன்னால், அது எந்த அலகுக்கு என்று கேளுங்கள்.

வேகத்திலிருந்து ஓட்டத்துக்குப் போகும்போது 4 மடங்கு வந்தால் விட்டத்தை ஆரம் என்று எடுத்துவிட்டீர்கள். 1.27 என்றால் குறுக்குப் பரப்பில் பை (π) எண்ணின் கால் பங்கு விட்டுப்போய் வட்டத்தைச் சதுரமாக்கிவிட்டீர்கள். 10 லட்சம் என்றால் மில்லிமீட்டரை வர்க்கப்படுத்தும் முன் மீட்டராக்கவில்லை. 1.2க்கு மேலே கொஞ்சம் என்றால் குழாயின் பெயர் அளவை உள்விட்டமாக நம்பியிருக்கலாம். 50 மில்லிமீட்டர் வெளிவிட்டம், 2.5 மில்லிமீட்டர் சுவர் உள்ள பிளாஸ்டிக் குழாயின் உள்விட்டம் 45 தான், பரப்பில் 1.23 மடங்கு வித்தியாசம். சரியான எண்ணோடு ஒப்பிட: உள்விட்டம் 50 மில்லிமீட்டர், நொடிக்கு 1.5 மீட்டர் வேகம் என்றால் மணிக்கு 10.6 கன மீட்டர்.

3.785, 4.546, 35.3

மெட்ரிக்கே இல்லை. முதலாவது அமெரிக்க கேலன், இரண்டாவது பிரிட்டிஷ் கேலன், மூன்றாவது கன அடி. 1.2 மடங்கு என்றால் இரண்டு கேலன்களும் தங்களுக்குள் மாறிக்கொண்டன. கருவியின் அமைப்புப் பட்டியலில் அலகை மாற்றுங்கள், கணக்கில் கை வைக்க வேண்டாம்.

எந்த மடங்கும் பொருந்தவில்லை

இரண்டு தப்பு சேர்ந்து நடந்திருக்கலாம். மடங்கைக் காரணிகளாக உடையுங்கள். 60,000 என்றால் 60 × 1000. 216 என்றால் 3.6 × 60. 86,400 என்றால் நாள் நொடியாகவில்லை. 69 போல வந்தால் 60 × 1.15 என்று பாருங்கள், அதாவது நேரம் எழுதிய விதத்திலும் நிமிடத்திலும் சேர்ந்து தப்பு. உடைத்துப் பார்த்து ஒன்றும் தேறவில்லை, மடங்கும் நிலையாகவே நிற்கிறது என்றால் மீட்டரின் லிட்டருக்கான பல்ஸ் எண்ணையோ அதில் பதிவு செய்த குழாய் விட்டத்தையோ பாருங்கள். அல்ட்ராசோனிக், காந்த மீட்டர்கள் அளப்பது வேகத்தை, ஓட்டமாக மாற்றுவது நாம் பதிந்த விட்டத்தை வைத்து. 80 மில்லிமீட்டர் குழாயில் மாட்டிவிட்டு 100 என்று பதிந்திருந்தால் மடங்கு 1.5625.